பூங்கனி பாட்டு

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்தச் சேர்ல உக்காராதிய, அதுக்குக் கால் ஆடும். கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் போயிப் போயி இடுப்பொடிஞ்ச சேரு அது. இந்தா, இதுல உக்காருங்க. மெட்ராஸ்லருந்து நேரா தென்காசிக்கு வந்து, அங்கேருந்து டவுன் பஸ்ஸா? ஒரு பாட்டுக்காவ இம்புட்டுத் தூரமா? கொள்ளாம், நல்லாருக்கு.

நீங்க போன்ல கேட்ட கேசட்டு இருக்கு. ரெண்டாவது சரணமும் இருக்கு. இப்பம் ஊரு பூரா செல்போன்ல ஓடுறது படத்துல வெட்டிப் போட்ட பாதிப் பாட்டு. கேசட்டுலதான் முழுசு. படம் எங்க ஊரு டாக்கீஸ்ல ஒம்பது நாள் ஓடுச்சு, பத்தாவது நாள் பொட்டிய அனுப்பிட்டான். படம் பேரு எவனுக்கும் ஞாபகம் கெடையாது. பாட்டு மட்டும் பொழச்சுக் கெடக்கு பாத்தியளா.

குடுக்கேன். கேசட்டக் குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா பாட்டைப் பத்தி ரெண்டு நிமிசம், இனிமையான நினைவா ஏதாவது பேசுங்க, வீடியோ எடுத்துக்கிடுதேன்னு சொன்னிய பாருங்க, அதுலதான் சிக்கல். அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வைங்க. இல்ல, அணைச்சே வைங்க. மொதல்ல நான் ஒண்ணு சொல்லிருதேன். அதக் கேட்ட பெறவும் உங்களுக்கு வீடியோ வேணும்னு தோணுச்சுன்னா அப்பம் பாப்போம்.

அந்த மாதிரிப் பாட்டுக்கு ஏதோ பேரு சொன்னியளே? இங்கிலீசுல, சிந்த் பாப்போ பாப்பாவோ? செரி, இருக்கட்டும். எங்களுக்கு அப்பம் அது கம்ப்யூட்டர் இசை. கேசட்டு அட்டையிலயே பெருசாப் போட்டிருந்தான், கம்ப்யூட்டர் இசைன்னு. எம்பத்தாறுல எங்க ஊர்ல எவன் கம்ப்யூட்டர பாத்தான்? ஆனா காதுல விழுந்ததும் தெரிஞ்சு போச்சு, இது வேற சங்கதின்னு. தபலா கெடையாது, மிருதங்கம் கெடையாது, மிசினு அடிக்கும். டுப்பு டிஷ், டுப்பு டிஷ். அதுக்கு மேல அந்தக் கீபோர்டு சத்தம். கண்ணாடி வளையல தண்ணிக்குள்ள போட்டு அலசுன மாதிரி இருக்கும். பெறவு அந்தப் பொம்பள குரலு, அழுகவும் செய்யாம சிரிக்கவும் செய்யாம நடுவுல நிக்கும். காதலிக்கேன்னு ஒரு எடத்துலயும் சொல்லாது. மழை வருது, சன்னலைச் சாத்து, விளக்கை ஏத்துன்னே போகும். கேக்கிறவன் எந்திரிச்சுப் போயிச் சன்னல்கிட்ட நிப்பான்.

நான் அப்பம் ரேடியோ செட்டு வச்சிருந்தேன். வெள்ளத்துரை ஒலி ஒளின்னா பக்கத்து எட்டு ஊருக்கும் தெரியும். எட்டுக் குழாய், ரெண்டு ஆம்ப்ளிபயர், சீரியல் லைட்டு எல்லாம் சொந்தம். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எல்லாம் நாந்தான். பெரும பேசலை தம்பி, தொழில் அப்படி. இந்தக் குழாய் ஸ்பீக்கர் இருக்கே, அதுல பாதிப் பாட்டு தகரத்த உருட்டுன மாதிரிக் கேக்கும். வயலினும் தவிலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மோதி நாசமாப் போகும். இந்தப் பாட்டுல வாத்தியமே நாலுதானே? குழாய்க்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டா வயக்காடு தாண்டி அடுத்த ஊர்ல மாடு மேய்க்கிறவன் தலையத் தூக்குவான்.

பூங்கனி அப்பந்தான் வாறா இந்தக் கதைக்குள்ள.

வடக்குத் தெரு சொள்ளமுத்து அண்ணாச்சி மக. மூணு பொண்ணுல மூத்தவ. எல்லா வீட்டுப் பொண்ணுகளையும் போல பீடி சுத்துவா. மடியில தட்டு, தட்டுல எலையும் தூளும். விரல் அது பாட்டுக்கு ஓடும், காது பாட்டுல இருக்கும். பீடி சுத்துற பொண்ணுகளுக்குப் பாட்டு இல்லாட்டி வேலை ஓடாது தம்பி. எங்க ஊர்ல எந்தப் பாட்டு நல்லாருக்குன்னு தெரியணும்னா அந்தப் பிள்ளைகள்ட்டதான் கேக்கணும். பூங்கனி எங்களுக்குச் சொந்தமும் கூட. முறைதான். கட்டிக்கிடுற முறைதான். இதையும் நீங்க தெரிஞ்சுக்கிடணும்.

எம்பத்தேழுல அவ வீட்டுக்கு எதுத்த வீட்ல ஒரு பிள்ளைக்குப் பெரியவளான சடங்கு. இந்தப் பாட்டைப் போட்டேன். முடிஞ்சதும் பூங்கனி கூட்டாளி தாயம்மா வந்தா. "அண்ணே, அந்தப் பாட்டை இன்னொரு மட்டம் போடுவியளாம். பூங்கனி கேட்டா."

அவ்வளவுதான். அவ சொன்னது அவ்வளவுதான். நான் வேற எதையும் மறைக்கல. அவ கண்ணக் காட்டல, சிரிக்கல, கடுதாசி குடுக்கல. இன்னொரு மட்டம் போடச் சொன்னா. எனக்கு இருவத்தஞ்சு வயசு. போட்டேன். ரெண்டு மட்டம் போட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. என்னையக் கேட்டா! ஊர்ல இம்புட்டுப் பேரு இருக்க, என்னையப் பாட்டுக் கேட்டா! இப்பம் சொல்லும்போது எனக்கே சிரிப்பா வருது. ரேடியோ செட்டுக்காரங்கிட்ட பாட்டுக் கேக்காம பலசரக்குக் கடையிலயா கேப்பா? அது அப்பம் தோணல.

பெறவு என்ன ஆச்சுன்னா, எந்த விசேசம்னாலும் ஒரு குழாய வடக்குத் தெருவப் பாத்துத் திருப்பிக் கட்டுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவ பீடிக் கட்டை எடுத்துக்கிட்டு கம்பெனிக் கடையில குடுக்கப் போவா. செரியா அந்நேரம் பாட்டைப் போடுவேன். டுப்பு டிஷ். ஒரு மாசம், ரெண்டு மாசம். ஊர்க்காரன் என்ன குருடனா? பாட்டு ஆரம்பிச்சதுமே ரோட்டைப் பாப்பான், பூங்கனி வாறாளான்னு. ஆறே மாசத்துல அந்தப் பாட்டுக்குப் பேரே பூங்கனி பாட்டுன்னு ஆயிப்போச்சு. கல்யாண வீட்ல எங்கிட்ட வந்தே கேப்பான், "ஏ வெள்ளத்துரை, பூங்கனி பாட்டைப் போடுவே." நானும் போடுவேன். எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும்.

அவ பாதைய மாத்துனா. கோயிலச் சுத்திக்கிட்டுப் போனா. வெக்கம்னு நெனச்சேன். நெசமாத் தம்பி, வெக்கம்னுதான் நெனச்சேன். நான் கோயிலப் பாத்து இன்னொரு குழாயத் திருப்புனேன்.

தாயம்மா ரெண்டாவது மட்டம் வந்தா. "அண்ணே, அந்தப் பாட்டைப் போட வேண்டாம்னு பூங்கனி சொல்லச் சொன்னா. ரோட்ல பயலுவ கேலி பண்ணுதானுவளாம். அவுக அம்மா வைதாவளாம்." அப்பவாது நான் நிறுத்தியிருக்கணும்லா? ஒரு மனுசன்னா நிறுத்தணும்லா? நான் என்ன நெனச்சேன் தெரியுமா, பிள்ளை பொய்க்கோவம் கோவிக்குன்னு நெனச்சேன். சினிமாவுல அப்படித்தானே வரும். வேண்டாம்னா வேணும்னு அர்த்தம்னு எவனோ ஒரு முட்டாப்பய நமக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். அன்னைக்கு மூணு மட்டம் போட்டேன்.

யம்மா, டீயா? வை வை, இங்கன வை. இது எங்க வீட்ல, பேரு சரோஜா. ஆமா தம்பி, அப்பம் ஆம்ப்ளிபயர்ல வால்வு இருக்கும், சூடானாத்தான் பாடும், கார்த்திகை மாசம் குளுருல அரை மணி நேரம் முந்தியே போட்டு வைக்கணும்... போயிட்டாளா? உள்ள போயிட்டா. மெதுவாப் பேசுவோம். முப்பத்தஞ்சு வருசமா அவகிட்ட ஒரு கதைதான் சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்ட மாத்திச் சொல்லப் போறேன். டீயக் குடிங்க, ஆறிரும்.

எம்பத்தெட்டு ஆவணியில பூங்கனிக்குக் கல்யாணம் பேசுனாவ. மாப்பிள்ளைக்கு ஊரு சுரண்டை, பலசரக்குக் கடை. எங்கிட்ட யாரும் கேக்கல, எதுக்குக் கேக்கணும்? நானும் பொண்ணு கேட்டு யாரையும் அனுப்புனது கெடையாது. அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. முறை இருக்கு, எங்கய்யா போயிக் கேட்டிருந்தா ஒருவேளை குடுத்திருப்பாவ. நான் வாயத் தொறக்கல. பாட்டுதான் போட்டேன். பாட்டு போயிச் சொல்லிரும்னு இருந்துட்டேன்.

சொள்ளமுத்து அண்ணாச்சிதான் நேர்ல வந்தாரு. "வெள்ளத்துரை, பாப்பாவுக்குக் கல்யாணம். செட்டு நீதான் போடணும். அந்தப் பாட்ட மட்டும் வேண்டாம்பா." கும்பிட்டுச் சொன்னாரு. வயசுல பெரிய மனுசன், என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. "செரி மாமா"ன்னேன்.

எங்க பக்கம் கையில வசதியில்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு மேளகாரங்க வரமாட்டாவ, கேட்டியளா. நாதஸ்வரமும் தவிலும் கேசட்டுலதான். பெரியவர் தாலிய எடுத்துக் குடுத்துட்டு தோள்த் துண்ட உசத்துவாரு. அதுதான் எனக்குச் சைகை. நான் பட்டனை அமுக்குனா கெட்டிமேளம். பந்தல்ல பூ விழும், அரிசி விழும், தாலி ஏறும். எத்தனை கல்யாணத்துக்குப் போட்டிருக்கேன் தெரியுமா? என் விரல் அமுங்காம எங்க ஊர்ல தாலி ஏறுனதில்ல. அதுல ஒரு கர்வம் எனக்கு.

அன்னைக்குக் காலையில பந்தல்ல நல்ல கூட்டம். வடக்குத் தெரு பூரா அங்கதான். பூங்கனி மணவடையில உக்காந்திருக்கா, தலை குனிஞ்சிருக்கு. மாப்பிள்ளை நல்ல பையன் மாதிரித்தான் இருந்தான், இப்பம் சொல்லுதேன், அப்பம் எனக்கு அவன் மூஞ்சே பிடிக்கல. பெரியவர் துண்ட உசத்துனாரு. நான் அமுக்குனேன்.

டுப்பு டிஷ். டுப்பு டிஷ்.

எட்டுக் குழாய்லயும்.

மொத நாலு நொடி யாருக்கும் ஒண்ணும் ஓடல. அரிசியக் கூடப் போட்டுட்டாவ ரெண்டு மூணு பேரு. பெறவு அந்த வளையல் சத்தம் வந்துச்சு பாத்தியளா, பின்னால நின்ன பயலுவள்ல ஒருத்தன் கத்துனான், "ஏலே, பூங்கனி பாட்டுலே!" பந்தலே சிரிச்சிட்டு. பெரிய ஆளுக கூட வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாவ. மாப்பிள்ளையோட தாய்மாமன் திரும்பிப் பாத்தாரு. "எதுக்குச் சிரிக்கிய? பொண்ணு பேருல அது என்ன பாட்டு?" பெறவு எவனோ ஒருத்தன் சொல்லிட்டான். சொல்லத்தான் ஊர்ல ஆளு இருக்கே.

மாப்பிள்ளை கையில இருந்த தாலியத் தட்டுல வச்சிட்டான்.

ஊர்ல எல்லார்ட்டயும் நான் என்ன சொல்லியிருக்கேன்னா, கேசட்டுல பக்கம் மாறிப் போச்சு. ஒரு பக்கம் மேளம், மறுபக்கம் சினிமாப் பாட்டு, அவசரத்துல திருப்பிப் போட்டுட்டேன். அம்புட்டுத்தான், கைப்பிசகு. சரோஜாகிட்டயும் அதுதான். எம்மவகிட்டயும் அதுதான். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசம் மாதிரி ஆயிப்போச்சு. பத்து வருசத்துக்கு முந்தி நீங்க வந்திருந்தா உங்ககிட்டயும் அதத்தான் சொல்லியிருப்பேன், நீங்களும் சிரிச்சிட்டுப் போயிருப்பிய.

பக்கம் மாறலை தம்பி. அது வேற கேசட்டு. மேளம் கேசட்ட நானே வெளிய எடுத்து என் சட்டைப்பையில வச்சிருந்தேன். புதுச் சட்டை. வெள்ளைச் சட்டை, எட்டு முழ வேட்டி, ரெண்டும் புதுசு. ரேடியோ செட்டுக்காரன் எதுக்கு அடுத்தவன் கல்யாணத்துக்குப் புது வேட்டி கட்டிட்டுப் போறான்? ஒருத்தனாவது கேட்டானா? கேக்கல. நானும் எனக்குள்ள கேட்டுக்கிடல. ஆனா தெரியும். காலையில குளிச்சிட்டுக் கண்ணாடியில தலை சீவும்போதே எனக்குத் தெரியும்.

எங்க பக்கம் வழக்கம் ஒண்ணு உண்டு. மாப்பிள்ளை மணவடைய விட்டு எந்திரிச்சுப் போயிட்டான்னா முகூர்த்தம் தப்பக் கூடாதுன்னு பந்தல்ல நிக்கிற முறைக்காரப் பையன் ஒருத்தனைப் பிடிச்சு உக்கார வச்சிருவாவ. எங்க அத்தைக்கே அப்படித்தான் கல்யாணம் நடந்துச்சு. அதான் என் கணக்கு. அசிங்கமா இருக்கு சொல்லுததுக்கு. ஒரு பொண்ணு பேர நாறடிச்சு, அந்த நாத்தத்துல அவள எனக்குத் தள்ளி விட்டுருவாவன்னு நின்னேன்.

சொள்ளமுத்து அண்ணாச்சி எங்கிட்ட ஓடி வந்தாரு. வேட்டி அவுந்து கெடக்கு, அதப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு. "வெள்ளத்துரை, மைக்ல சொல்லுப்பா. உனக்கும் என் மகளுக்கும் ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவுக நம்பிருவாக. ஒரு வார்த்தைப்பா." மைக்க எடுத்து என் கையில அவரே குடுத்தாரு.

வாங்குனேன். வாய்ப்பக்கம் கொண்டு போனேன். ஊரே பாக்குது. "ஹலோ"ன்னேன்.

அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சொல்ல வரலன்னு இல்ல, சொல்லல. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா மாப்பிள்ளை திரும்ப உக்காந்துருவான்லா? எட்டுக் குழாய்லயும் என் "ஹலோ" மட்டும் போயி நின்னுச்சு. பாட்டை நான் சத்தத்தக் குறைச்சிருந்தேனே தவிர நிறுத்தல. கீழ ஓடிக்கிட்டே இருந்துச்சு. நீங்க தேடி வந்தியளே ரெண்டாவது சரணம், அதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

சுரண்டைக்காரங்க வேன்ல ஏறிட்டாவ. அந்தத் தாய்மாமன் ஏறும்போது காறித் துப்பிட்டுப் போனாரு. முந்தியெல்லாம் நான் இந்த எடத்துல அவரத் திட்டுவேன், ஒரு பாட்டுக்காவ கல்யாணத்த நிறுத்துதானே, இவனெல்லாம் மனுசனான்னு. எத்தனை வருசம் அவரத் திட்டியிருக்கேன்!

அப்பம் நான் நெனச்ச மாதிரியே பெரியவர் சொன்னாரு. "ஏ சொள்ளமுத்து, பேரு கெட்டது இந்தப் பயலாலதானே? முறைதானே? இவனையே உக்கார வையி." மைக்கக் கீழ வச்சேன். தலைமுடியக் கையால ஒதுக்குனேன். நெசமா ஒதுக்குனேன் தம்பி, அந்தக் கையை இப்பம் வெட்டணும்.

பூங்கனி தலையத் தூக்கல. "எனக்கு வேண்டாம்"னா. சத்தமாச் சொல்லல, ஆனா பந்தல் அமைதியா இருந்ததுல எல்லார்க்கும் கேட்டுச்சு. மாலைய அவளே கழத்தி மணவடையில வச்சிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. அழுகல. என்னையப் பாக்கல. என்னைய ஒருநாளும் அவ பாத்தது கெடையாதுன்னு அப்பம்தான் எனக்கு ஓடுச்சு. ஒன்றரை வருசம் பாட்டுப் போட்டிருக்கேன், ஒருநாளும் நிமிந்து பாத்தது கெடையாது.

அதுக்காவ நான் திருந்திட்டேன்னு நெனச்சிராதிய. எனக்குக் கோவம் வந்துச்சு. என்ன திமிரு, ஒரு நல்லவன் கட்டிக்கிடுதேன்னு நிக்கான், வேண்டாங்காளேன்னு. ஊர்ல அப்படியே சொல்லித் திரிஞ்சேன். மறு வருசம் சரோஜாவக் கட்டுனேன். ரெண்டு பிள்ளை. நான் நல்லாத்தான் இருந்தேன். அவளுக்குப் பெறகு ரெண்டு மூணு எடம் வந்துச்சு, வாறவன் டீக்கடையில விசாரிப்பான், டீக்கடையில பாட்டுக் கதையச் சொல்லுவாவ, திரும்பிப் போயிருவான். தங்கச்சிமாருக்குக் கூட நாள் பிந்தித்தான் ஆச்சு. சொள்ளமுத்து மாமா ரொம்ப நாள் இருக்கல. அவ கட்டவே இல்ல. பீடி சுத்தியே தங்கச்சிகளக் கட்டிக் குடுத்தா, அம்மாவப் பாத்தா. அந்த அம்மாவும் போயி இப்பம் ஆறேழு வருசம் இருக்கும். ஒத்தையிலதான் இருக்கா. இங்கேருந்து மூணாவது தெரு. நீங்க பஸ்ஸ விட்டு எறங்கி அந்த வீட்டைத் தாண்டித்தான் வந்திருப்பிய.

பயலுவளும் பெரியாளா ஆயிட்டானுவ, ரேடியோ செட்டும் போயி டிஜே வந்துட்டு. பாட்டை எல்லாரும் மறந்துட்டாவ. அது ஒண்ணுதான் நல்லது நடந்துச்சு. சின்னப் பிள்ளைகளுக்குப் பூங்கனிப் பெரியம்மான்னா பூங்கனிப் பெரியம்மா, அவ்வளவுதான். பேரு கழுவுறதுக்கு முப்பது வருசம் எடுத்துச்சு.

இப்பம் நான் சொல்லப் போறதுதான் தம்பி, எங்க வீட்ல கேட்டா சோறு போட மாட்டா.

ஆறு மாசத்துக்கு முந்தி எம்மவ போன்ல அந்தப் பாட்டைக் காட்டுனா. "எப்பா, பழைய பாட்டு ஒண்ணு இப்பம் செம ஹிட்டு, கேளுங்க"ன்னா. டுப்பு டிஷ். ஏ யப்பா! எனக்கு உடம்பு பூரா சிலுத்துட்டு. இருவத்தஞ்சு வயசு திரும்ப வந்துட்டு. சண்டாளப் பாட்டு, என்ன மாயம் அதுல? கல்யாணம், பந்தல், துப்பல் எதுவும் ஞாபகத்துக்கு வரல. சாயங்காலம் நாலு மணி, மஞ்ச வெயிலு, பீடிக் கட்டோட ஒரு பொண்ணு நடந்து போறா, அது மட்டும்தான் வந்துச்சு. மத்ததையெல்லாம் அந்தப் பாட்டு தொடச்சு எடுத்திருது. அழுதேன். சந்தோசத்துல அழுதேன்.

அதுக்குக் கீழ உலகமே எழுதி வச்சிருக்கு. என் காலேஜ் நாட்கள், என் முதல் காதல், துபாய்லருந்து கேக்கேன், கண்ணீரோட கேக்கேன். எனக்கும் கை துறுதுறுன்னு வந்துச்சு. எம்மவ போன்லயே எழுதுனேன். எங்க ஊரு பேரப் போட்டு, எங்க ஊர்ல இந்தப் பாட்டுக்குப் பூங்கனி பாட்டுன்னு பேரு, அந்தத் தேவதைக்காக அதப் போட்டது நான்தான், இப்படிக்கு வெள்ளத்துரை ஒலி ஒளின்னு.

எண்ணூறு பேரு ஹார்ட்டு போட்டான். எண்ணூறு! அழகான காதல் அண்ணே, அவங்க இப்ப எங்க இருக்காங்க, உண்மைக் காதல் தோற்காது, என்னவெல்லாமோ எழுதுனான். ரெண்டு நாளு அந்த ஹார்ட்ட எண்ணிக்கிட்டே இருந்தேன். மூணாவது நாளு எங்க ஊரு வாட்ஸப் குரூப்புக்கு அது வந்துட்டு.

மறுநாள் காலையில காய்கறி வாங்கப் பஸ் ஸ்டாப் பக்கம் போனேன். பூங்கனி பஸ்ஸுக்கு நிக்கா. கையில ஒரு பை. வேலைக்குப் போற பயலுவ ரெண்டு பேரு பைக்க நிறுத்திப் போன்ல பாட்டைப் போட்டான். அவளப் பாத்து ஒருத்தன், "பெரியம்மா, உங்க பாட்டு!" வேற கெட்ட எண்ணமெல்லாம் இல்ல அவனுக்கு, சந்தோசமாத்தான் சொன்னான். அங்க நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்துச் சிரிச்சாவ. அம்பத்தேழு வயசுப் பொம்பள. நரைச்ச தலை. முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டா.

பயலுவ போயிட்டானுவ. நான் அஞ்சடி தூரத்துல நிக்கேன். அப்பம் அவ என்னையப் பாத்தா. மொத மட்டம். நேரா நடந்து எங்கிட்ட வந்தா. திட்டப் போறா, செருப்பக் கழத்தப் போறான்னு நின்னேன். கழத்துனா வாங்கிக்கிடணும்னு நின்னேன்.

திட்டல. மெதுவாத்தான் பேசுனா.

"அண்ணே, அந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்மா இருந்த வரைக்கும் வீட்ல போட முடியாது. அம்மா போன பெறவு தங்கச்சி மக ஒரு போனு வாங்கிக் குடுத்தா. அதுல தேடிப் பிடிச்சேன். கதவச் சாத்திக்கிட்டு, சத்தத்தக் கம்மியா வச்சு, பீடி சுத்திக்கிட்டே கேப்பேன். எனக்குன்னு இருந்துச்சுண்ணே அது. நீங்க எதுக்கு மறுபடி அத எங்கிட்டருந்து எடுத்திய?"

அண்ணேங்கா. அத்தான்னு கூப்பிட வேண்டிய முறை, மாத்திக் கூப்பிடுதா. பாட்டுதான் பிடிச்சிருந்திருக்கு தம்பி அவளுக்கு. அன்னைக்கும் பாட்டுதான்.

அவ அங்கயே நின்னா. பதிலுக்கு நின்னா. கேட்டா பதில் சொல்லணும்லா? தப்புதான்னு ஒரு வார்த்தை. மைக்கு வேண்டாம், ஊரு வேண்டாம், அஞ்சடியில நிக்கா. நான் வாயத் தொறந்தேன். அந்நேரம் பார்த்துப் பஸ் வந்துச்சு. அவ போக வேண்டிய பஸ்ஸு. அவ ஏறல, என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கா.

நான் ஏறிட்டேன் தம்பி. எனக்கு எங்கயும் போக வேண்டியதில்ல. ஏறிட்டேன்.